வரிசை எண் 14-இல் இன்னொரு கட்டம் கேட்டு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: ஓவியத்துக்கு ஒரு கல்லூரி, இசைக்கு ஒரு கல்லூரி என்று தனித்தனியே வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் ஒரே படிவத்தை விற்றருளும் மாண்புமிகு சேர்க்கைக் குழுவினர்.

பொருள்: முதன்மைப் பாடம் – கூடுதல் கட்டம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் விண்ணப்பப் படிவம், வரிசை எண் 14.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பிளஸ் டூ தேறிவிட்டேன். எனக்குப் படமும் வரும், பாட்டும் வரும். ஏதாவது ஒன்று வராமல் போயிருந்தால் தங்களுக்கு இந்தத் தொல்லை இருந்திருக்காது. வரிசை எண் 14-இல் "முதன்மைப் பாடம் (ஒன்று மட்டும்)" என்று அச்சடித்து, பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கட்டம் போட்டிருக்கிறீர்கள். அதில் ஓவியம் என்று எழுதி அடிக்கிறேன்; குரலிசை என்று எழுதி அதையும் அடிக்கிறேன். அடித்தல் திருத்தல் உள்ள படிவம் செல்லாது என்பதால் மறுபடி போய்ப் புதுப் படிவம் வாங்குகிறேன். கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது என்று அடியில் போட்டிருப்பதையும் படித்தேன். படிவத்திலேயே தெளிவான வரி அதுதான்.

கவுன்ட்டரில் இருந்த அம்மா நல்லவர். "ஏம்மா, இதுக்குப் போயா முழிக்கிற? மெயின் எதுன்னு போடு. இன்னொன்ன கடைசிப் பக்கத்துல பொழுதுபோக்குன்னு இருக்கு பாரு, அங்க போட்டுக்க" என்றார். கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். "எ.கா: தபால்தலை சேகரித்தல், தோட்டம் வளர்த்தல்" என்றிருந்தது. விடியற்காலையில் எழுந்து, அக்கம்பக்கத்தாரின் தூக்கத்தைக் கெடுத்துச் சாதகம் செய்த தோடியைத் தபால்தலைக்குப் பக்கத்தில் உட்காரவைக்க மனம் வரவில்லை.

என் ஆசிரியர்களும் தங்கள் கட்சிதான். டர்பன்டைன் வாடை தொண்டைக்கு ஆகாது என்கிறார் பாட்டு டீச்சர். டிராயிங் மாஸ்டரோ, "முணுமுணுத்துக்கிட்டே வரையாதே, கோடெல்லாம் ஆதி தாளத்துல ஆடுது" என்கிறார். வீட்டில் பெரியம்மாவின் கருத்து வேறு: பாட்டு தெரிந்தால் பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் பாடலாம், படம் எதற்கு ஆகும்?

குழுவினர் அருள்கூர்ந்து ஒரு பழைய விண்ணப்பதாரரைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். பெயர் மகேந்திரவர்மன். ஊர் காஞ்சிபுரம். ஏழாம் நூற்றாண்டு. சித்திரகாரப்புலி என்று பட்டம் வைத்துக்கொண்டவர். 'மத்தவிலாசம்' என்று ஒரு பகடி நாடகமும் எழுதினார். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டில் கல்வெட்டே வெட்டிவைத்திருக்கிறார். தங்கள் படிவத்தை நீட்டியிருந்தால் பாவம், முதன்மைப் பாடம் அரசாட்சி, பொழுதுபோக்கு மற்றவை என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்.

ராஜா கதை வேண்டாம் என்றால் பக்கத்திலேயே ஆள் இருக்கிறார். தங்கள் இசைக் கல்லூரி வாசலில் மாலை போட்டு மாட்டியிருக்கிறீர்களே மும்மூர்த்திகள் படம், இன்று நாம் கண்ணை மூடினால் தெரிகிற அந்தத் தியாகராஜரையும் தீட்சிதரையும் சியாமா சாஸ்திரியையும் வரைந்தவர் எஸ். ராஜம் (1919–2010). சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். வாழ்நாள் முழுக்கப் பாடினார். மற்றவர்கள் ஒதுங்கிப்போன விவாதி ராகங்களைத் தேடிப்பிடித்துப் பாடினார். அகில இந்திய வானொலியில் வேலையும் பார்த்தார். 1934-இல் வந்த 'சீதா கல்யாணம்' படத்தில் ராமராக நடித்ததைச் சொல்ல மாட்டேன். சொன்னால் மூன்றாவது கட்டம் கேட்பதாக நினைப்பீர்கள். அவர் வரிசை எண் 14-இல் என்ன எழுதினார் என்று கோப்பைப் பார்த்துச் சொன்னால் நானும் அதையே எழுதிவிடுகிறேன்.

சட்டம் இடம் கொடுக்காது என்றும் சொல்ல முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்பு, இரண்டையும் நேரில் போயே படிக்கலாம் என்று 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்துவிட்டது. வகுப்பு நேரம் மட்டும் ஒன்றோடொன்று மோதக் கூடாதாம். தங்கள் இரண்டு கல்லூரியிலும் மணி அடிப்பது காலை பத்துக்கு. சரி, அதைக்கூடப் பேசித் தீர்க்கலாம். ஆனால் இரண்டு இடத்திலும் அசல் டி.சி. கேட்கிறீர்கள். மானியக் குழு எனக்கு இரண்டு பட்டம் வாங்க அனுமதி கொடுத்தது, இரண்டு டி.சி. கொடுக்க என் பள்ளிக்கூடத்துக்கு யாரும் அனுமதி கொடுக்கவில்லை.

எனவே, வரிசை எண் 14-ஐ 14(அ), 14(ஆ) என்று பிரித்து உத்தரவிட வேண்டுகிறேன். அச்சகச் செலவு கட்டுப்படியாகாது என்றால், பாட்டு வகுப்பையாவது மாலைக்குத் தள்ளிவையுங்கள், ராகங்கள் ஆட்சேபிக்காது. அதுவும் முடியாது என்றால், கெஜட்டட் ஆபீசர் கையெழுத்திட்ட டி.சி. நகலை ஒரு கல்லூரியிலாவது வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இந்த மாதக் கடைசிக்குள் பதில் வந்தால் நல்லது. அப்பா ஏற்கெனவே பி.காம். படிவம் வாங்கி வைத்திருக்கிறார். அதில் முதன்மைப் பாடத்துக்குக் கட்டமே கிடையாது. அவர்களே அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
விண்ணப்பதாரர்