கோ-லைவ் வைபவம்

எங்கள் முதலாளிக்கு ஈஆர்பி மென்பொருள்மேல் ஆசை வந்தது ஒரு கல்யாணப் பந்தியில். "நாங்க எல்லாத்தையும் ஈஆர்பிக்கு மாத்திட்டமுங்க. நூல் ஸ்டாக்கை இப்ப போன்லயே பாக்கறேன்" என்று பக்கத்து இலைக்காரர் பாயசத்துக்கு நடுவே சொல்லிவிட்டார். அதற்குமேல் முதலாளிக்குச் சோறு இறங்கவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி எதை வாங்கினாலும் அடுத்த தெருக் கம்பெனியும் அதை வாங்கியாக வேண்டும். எதற்கு என்று பிறகு விசாரித்துக்கொள்ளலாம்.

சீக்கிரமே சென்னையிலிருந்து கோட்டு போட்ட மூன்று பேர் வந்து இறங்கினார்கள். சித்திரை வெயில். இது டி-ஷர்ட் தைக்கிற ஊர் என்பதையாவது அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். நடுவில் இருந்தவருக்குக் காதோரம் நரை, இருபது வருட அனுபவம், கணீர்க் குரல். நூல் வாங்குவது முதல் சம்பளம் போடுவது வரை எல்லாம் ஒரே மென்பொருளுக்குள் வந்துவிடும் என்றார். ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த நரையை அதன்பிறகு நாங்கள் பார்க்கவே இல்லை.

வேலைக்கு வந்தவர்கள் இரண்டு பையன்கள். கல்லூரியை விட்டு வந்த சூடு ஆறாதவர்கள். தங்கமான பிள்ளைகள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதல் நாளே ஒருவன், "சார், நிட்டிங் வேற, ஸ்டிச்சிங் வேறயா?" என்று கேட்டான். அவர்களுக்குக் கட்டணம் நாள் கணக்கில். ஆக, பாடம் நடத்தியவர்களும் நாங்கள், ஃபீஸ் கட்டியவர்களும் நாங்கள்.

எங்கள் கட்டிங் மாஸ்டர் ஒரு சாயங்காலம் டீ குடித்தபடி மொத்தத் தொழிலையும் அவர்களுக்குச் சொல்லிவிட்டார். அது சில வாரம் கழித்து, கட்டம் கட்டமாக, அம்பு அம்பாக, ஒரு பெரிய பவர்பாயிண்ட்டாகத் திரும்பி வந்தது. மாஸ்டர் பொறுமையாகப் பார்த்தார். "நான் சொன்னதைத்தானுங்க இங்கிலீஷ்ல எழுதியிருக்காங்க. இதுக்கு எத்தனை குடுத்தோமுங்க?" தொகையைச் சொன்னேன். அவர் வாய்க்குள்ளேயே அதைப் பீஸ் ரேட்டால் வகுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கட்டிங் டேபிளுக்குப் போனார். பிறகு எந்த மீட்டிங்குக்கும் அவர் வரவில்லை.

உண்மையான கூத்து வெள்ளோட்டத்தில், டயிங்கில் ஆரம்பித்தது. சாயம் போடப் போகும் துணி, போன எடையில் திரும்பி வராது. கொஞ்சம் குறையும். எவ்வளவு என்பது துணியையும் ஷேடையும் பொறுத்தது. இது ஊரில் டீக்கடைக்காரருக்கும் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது. நூறு கிலோ போனால் நூறு கிலோ வர வேண்டும் என்று அது பிடிவாதம் பிடித்தது. வராத கிலோவையெல்லாம் டயிங்காரர் பாக்கி என்று எழுதிக்கொண்டே போனது. மாதக் கடைசியில் அவருக்கே நேராக ஒரு மெயிலும் அனுப்பிவிட்டது. அவர் போன் பண்ணினார்: "ஏனுங்க, நான் துணி திருடறேன்னு உங்க கம்ப்யூட்டர் சொல்லுதாமா?"

பையன்களிடம் கேட்டோம். "அது ஸ்கோப்ல இல்லைங்க சார். சேஞ்ச் ரிக்வெஸ்ட் போடணும்." சேஞ்ச் ரிக்வெஸ்ட்டுக்குத் தனிக் கட்டணம். திருப்பூரில் வந்து ஈஆர்பி போடுகிறவர்களின் ஸ்கோப்பில் டயிங் நட்டம் இல்லையென்றால் வேறு என்னதான் இருந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

முதலாளி இடிந்து உட்கார்ந்துவிட்டார். ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னேன். அமெரிக்காவில் ஹெர்ஷீஸ் சாக்லேட் கம்பெனி 1999-இல் இப்படித்தான் புது மென்பொருளை அவசர அவசரமாக ஓடவிட்டது. ஹாலோவீன் நேரத்தில் குடோனில் சரக்கு இருந்தும் கடைக்கு அனுப்ப முடியாமல், சுமார் 10 கோடி டாலர் ஆர்டரைக் கோட்டைவிட்டது. ஜெர்மனியின் லிடில் கடைக்காரர்கள் ஏழு வருடம் எஸ்ஏபி மென்பொருளோடு மல்லுக்கட்டி, சுமார் 50 கோடி யூரோ செலவழித்து, 2018-இல் போதும் சாமி என்று நிறுத்திவிட்டார்கள். அவர்கள் சரக்கை வாங்கின விலைக்கு மதிப்புப் போடுகிறவர்கள், மென்பொருளோ விற்கிற விலைக்குப் போடுவது. நம்ம டயிங் கதைதான், கொஞ்சம் பெரிய அளவில் என்றேன்.

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். "அவங்ககிட்ட 50 கோடி யூரோ இருந்துச்சு தம்பி."

அடுத்த நிதியாண்டு பிறக்கும் ஏப்ரல் 1-இல், எல்லாவற்றையும் மென்பொருளுக்கு மாற்றும் கோ-லைவ் என்று நாள் குறித்தார்கள். கேக் வெட்டினோம். அன்று சனிக்கிழமை. இங்கே சனிக்கிழமைதான் வாரச் சம்பளம் என்பதை யாரும் யோசிக்கவில்லை. எங்கள் லைனில் முருகன் என்ற பெயரில் ஐந்து டெய்லர்கள். வேலையாள் எண்ணை விட்டுவிட்டு, பையன்கள் எக்செலில் பெயரை மட்டும் வைத்து ஏற்றியிருந்தார்கள். மென்பொருள் ஐந்து முருகன்களையும் ஒன்றாக்கி, ஒரே முருகனுக்கு மொத்தச் சம்பளத்தையும் எழுதிவிட்டது. மற்ற நால்வரும் அவரைச் சுற்றி நின்றார்கள். அவரோ, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று கேஷியரைப் பரிதாபமாகப் பார்த்தார். ராத்திரி எட்டு மணிக்கு கேஷியர் பீரோவைத் திறந்து பழைய லாங் சைஸ் நோட்டை எடுத்தார். அரை மணியில் பட்டுவாடா முடிந்தது.

ஒருவழியாக மென்பொருள் எங்களுக்கும் நாங்கள் மென்பொருளுக்கும் பழகிய நேரத்தில் பையன்கள் கிளம்பிவிட்டார்கள். ஒருவன் பெங்களூர். எல்லாம் தெரிந்த இன்னொருவன் துபாய். அவன் பயோடேட்டாவில் இப்போது 'ஆடைத் துறையில் ஆழ்ந்த அனுபவம்' என்று இருக்கிறது. பொய்யில்லை, எங்கள் செலவில் கிடைத்ததுதான்.

வெளியாள் கூடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேலைக்கு வரப்போகிறவர் யார் என்று பெயர் போட்டு ஒப்பந்தம் எழுதுங்கள். பணத்தை நாள் கணக்கில் கொடுக்காதீர்கள். சனிக்கிழமைச் சம்பளம் ஒழுங்காக வந்தால் இத்தனை, டயிங் கணக்கு நேரானால் இத்தனை என்று கொடுங்கள். உங்கள் ஆள் ஒருவரை முதல் நாளிலிருந்தே பக்கத்தில் உட்கார வையுங்கள்.

துபாய்த் தம்பி, ஒருவேளை இதைப் படித்தால், கோபமெல்லாம் எங்களுக்கு இல்லை. சர்வரின் அட்மின் பாஸ்வேர்டை மட்டும் அனுப்பிவிடு.