மூடியின் உள்பக்கம்

பொங்கல் விடுமுறைக்கு மெயினை அணைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து பழைய சர்வரைப் போட்டதும், கருந்திரையில் 'சிமாஸ் செக்சம் எரர்' என்ற வரி வந்து நின்று எஃப்1 அழுத்தச் சொல்வதை நீங்களும் பார்த்திருந்தால், நாம் ஒரே காலத்து ஆட்கள். வருடக்கணக்கில் அணையாமல் ஓடிய இயந்திரம். ஓடும்வரை கரண்டே அதன் செட்டிங்குகளைக் காப்பாற்றியது. மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் சி.ஆர். 2032 பேட்டரி என்றைக்கோ தீர்ந்துபோனது அணைத்த பிறகுதான் தெரிகிறது. தேதி பின்னால் போயிருக்கும், பூட் வரிசை மாறியிருக்கும், ரெய்டு என்றிருந்த இடத்தில் ஐடிஇ என்றிருக்கும். அதைக் கவனிக்காமல் விண்டோஸை ஏற்றினால் 7பி என்ற எண்ணோடு நீலத்திரைதான்.

இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு பழைய டாஸ் காலத்துக்குப் போய்விடுகிறது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் இந்தப் பேட்டரியே கிடையாது; போடும்போதெல்லாம் டாஸ் தேதி கேட்கும், வெறும் என்டர் தட்டினால் 1980 ஜனவரி 1 என்று எடுத்துக்கொள்ளும். 1984இன் ஏடி மாடல்தான் கடிகாரத்தையும் செட்டிங்குகளையும் ஒரு 64 பைட்டுக்குள் அடக்கி பேட்டரியிடம் ஒப்படைத்தது. அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க் தன்னை யாரென்று தானே சொல்லிக்கொள்ளாது, நாம்தான் சொல்ல வேண்டும்: பட்டியலில் இருந்தால் அதன் டைப் எண், இல்லாவிட்டால் 47ஐத் தேர்ந்து சிலிண்டர், ஹெட், செக்டர் எல்லாவற்றையும் கையால் அடிக்க வேண்டும். 20 எம்.பி. சீகேட் எஸ்.டி. 225 என்றால் 615, 4, 17. இன்றைக்கும் வாய் தானாகச் சொல்கிறது.

அந்த எண்களைக் கேபினெட் மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதிவைப்போம். பேட்டரி மாற்றிய தேதி, ஜம்பர் இருக்கும் இடம், எந்த கேபிள் எதற்கு என்று ஒருவர் எழுதியதற்குக் கீழே அடுத்தவர் வேறு மையில் சேர்த்திருப்பார். முன்பின் பார்த்திராத ஒருவருடைய கையெழுத்தை நம்பி, ஒவ்வொரு எண்ணாக அடித்து, எஃப்10 தட்டி, டிஸ்க் கடகடவென்று படிக்க ஆரம்பிக்கும் சத்தம் கேட்டபோது வந்த சந்தோஷம் அலாதியானது.

இப்போது வரும் சர்வர்களில் செட்டிங்குகள் ஃபிளாஷிலேயே இருக்கின்றன, பேட்டரி செத்தால் கடிகாரம் மட்டும்தான் தவறும். நல்ல முன்னேற்றம்தான், விடுமுறை முடிந்த காலைகளில் எத்தனையோ பேருடைய பதற்றத்தைத் தீர்த்திருக்கிறது. ஆனால் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமும் அதோடு போய்விட்டது. தான் கவனித்துக்கொள்ளும் இயந்திரத்துக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமலே ஒருவர் பல வருடம் வேலை பார்த்துவிட முடிகிறது, அதுதான் எனக்கு வருத்தம்.

"அண்ணே, பயாஸ் பக்கம் பூராவும் போட்டோ எடுத்து வச்சிருக்கேன்" என்றான் எங்களோடு வேலை பார்க்கும் பையன், போன முறை ஒரு கிழட்டு சர்வரை அணைப்பதற்கு முன்னால். நல்ல வேலை என்று தட்டிக்கொடுத்தேன். "மூடியிலும் எழுதிடுப்பா, உன் போன் உன்னோட போயிடும்" என்றும் சொன்னேன். பிளக்கைப் பிடுங்கி, கிளிப்பை நகத்தால் நெம்பி, பழைய பேட்டரி வில்லையை எடுத்துப் புதியதைப் பிளஸ் பக்கம் மேலே இருக்கும்படி அழுத்தினான். விண்டோஸுக்குப் போகுமுன் பயாஸிலேயே நேரத்தைச் சரிசெய்யச் சொன்னேன்; 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டொமைன் லாகினையே விடாது. அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்து விநாடிவரை அடித்துவிட்டு, மார்க்கர் எங்கே இருக்கிறதென்று கேட்டான்.