ஐந்தாம் விசை: பறப்பியலில் முழங்கையின் இடம்

பறக்கும் விமானத்தின்மீது செயற்படும் விசைகள் நான்கு என்பர். 1799-இல் ஜார்ஜ் கேலி என்னும் ஆங்கிலேயர், இறக்கையில் படும் விசையைத் தூக்குவிசை, இழுவை எனப் பிரித்து ஒரு சிறு வெள்ளித் தகட்டில் பொறித்தார். அத்தகடு இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் உள்ளது. தகட்டில் இடம் போதாமையாலேயே ஐந்தாம் விசை விடுபட்டது என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

எடை: கீழ்நோக்கியது.

உந்துவிசையும் இழுவையும்: ஒரே வேகத்தில், ஒரே உயரத்தில் பறக்கும்வரை இரண்டும் சமம். தூக்குவிசையும் எடையும் அவ்வாறே. இதை விளக்கும் பாடநூற் படங்களில் நான்கு அம்புகளும் ஒரே நீளம். பயணியர் விமானத்தில் தூக்குவிசையோ இழுவையைப் போல் பதினைந்து மடங்குக்கும் மேல். அளவுப்படி வரைந்தால் அம்பு அடுத்த பாடத்தைக் குத்தும் என்பதால் இயற்கையைத் திருத்திவிட்டார்கள்.

தூக்குவிசை: இது பெர்னூலியால் வருகிறது என்பது ஒரு கட்சி, நியூட்டனால் என்பது மறு கட்சி. இறக்கையின் மேலும் கீழும் அழுத்தம் வேறுபடுகிறது. இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது. ஒரே நிகழ்ச்சிக்கு எழுதிய இரு கணக்குகள் இவை, இரண்டும் சரி. ஆனால் இதை யாரேனும் எழுந்து சொல்லிவிட்டால் இரண்டு நாள் கருத்தரங்கம் காலைத் தேநீரோடு முடிந்துவிடும். மேலும் கீழும் பிரிந்த காற்று பின்விளிம்பில் ஒரே நேரத்தில் கூடியாக வேண்டும் என்றொரு விளக்கமும் உண்டு. காற்று அப்படி யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. மேலே சென்றது முந்திக்கொண்டு போவது சோதனைகளில் தெளிவு. எனினும், நூலைப் பார்த்து நூல் எழுதும் நம் மரபில் அவ்விளக்கம் நலமாகவே இருக்கிறது.

இனி, முழங்கை விசை. இருக்கை மூன்று, கைப்பிடி நான்கு, முழங்கை ஆறு. மற்ற நான்கு விசைகளும் ஒரே தளத்தில் அடங்க, இது மட்டும் அத்தளத்துக்குச் செங்குத்தாகப் பக்கவாட்டில் பாய்கிறது. 'இஃது அகவிசை, விமானத்தின் பாதையை மாற்றாதே' என்பார்க்கு விடை: அவர் நடு இருக்கையில் அமர்ந்தவர் அல்லர். இதற்கு மேற்கோள்:

நடுவண் அமர்ந்தோன் முழங்கை இரண்டும்
மடிமேல் கிடத்தல் மரபென மொழிப.

இந்நூற்பா வாந்திப்பை ஒன்றின் பின்புறத்தில் பென்சிலால் எழுதப்பட்டது. 'ஒருகை மட்டும்' என்பது சன்னலோரப் பாடம். அதை இடைச்செருகல் என மறுக்கும் நடைபாதையோர உரையாசிரியர், உணவு வண்டி தம் முழங்கையில் இடித்ததும் உரையைப் பாதியில் நிறுத்தினார். எஞ்சிய பகுதி இருக்கைப் பையிலுள்ள பாதுகாப்பு அட்டையின் ஓரத்தில், மிதவைச் சட்டை அணிபவரின் காலடியில் கிடைக்கிறது. அங்கே அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டதாகத் தெரிகிறது, காப்பிக் கறையால் உறுதிசெய்ய இயலவில்லை.

முதன்மைச் சுவடியான வாந்திப்பையின் உட்புறம் இன்னும் ஆராயப்படவில்லை. பை கனமாக உள்ளது. திறந்து பார்க்க ஆய்வு மாணவர் ஒருவர் தேவை. கட்டுரையில் நெறியாளர் பெயர் முதலில் வரும்.