ஸ்விட்ச் இருட்டில் இருக்கிறது

கேள்வி: ஆயில் பெயின்டிங்கில் இரவு நகரம் வரைகிறேன். தெருவிளக்கில் எவ்வளவு வெள்ளையை அப்பினாலும் சுண்ணாம்புப் பொட்டாகவே நிற்கிறதே, ஏன்?

பதில்: ஸ்விட்ச் வெள்ளை ட்யூபில் இல்லை, பக்கத்து இருட்டில் இருக்கிறது.

1897-இல் கமீல் பிஸாரோ, பாரிஸ் ஓட்டல் அறை ஜன்னல் வழியே மோன்மார்த்ர் பெருவீதியைப் பல படங்களாக வரைந்தார். அந்த வரிசையில் இரவுக் காட்சி ஒன்றே ஒன்றுதான். அதில் வெளிச்சம் மூன்று ஜாதி: நடுவீதியில் மின்விளக்கின் குளிர்ந்த வெள்ளை, கடைகளில் காஸ் விளக்கின் மஞ்சள், குதிரை வண்டிகளில் எண்ணெய் விளக்கு. சுற்றிலும் கருநீலம் அடர்ந்திருப்பதால்தான் இத்தனையும் எரிகின்றன. இவ்வளவு நல்ல படத்தில் மனிதர் கையெழுத்துகூடப் போடவில்லை!

வான்கோ 1888-இல் ஆர்ல் நகரக் காபிக்கடையை வரைந்தபோது கறுப்பையே தொடவில்லை. நீலம், ஊதா, பச்சையாலேயே இரவைக் கொண்டுவந்ததாகத் தங்கைக்கு எழுதினார். நீலத்தின் பக்கத்தில் வைத்ததும் ஆரஞ்சு கலந்த மஞ்சள் தானாகவே எரியும்.

இனி சமையல் குறிப்பு. வெள்ளை கூடினால் நிறம் வெளிறிவிடும். எனவே முதலில் ஒளிவட்டத்தை ஆரஞ்சில் மெல்லப் பூசி, ஈரம் காயுமுன் உலர்ந்த தூரிகையால் விளிம்பை இருட்டுக்குள் கரைக்க வேண்டும். ஆயில் மெதுவாகக் காய்வது இங்கே வரம். மஞ்சள் துளி கலந்த வெள்ளையைக் கடைசியில், நடுவில் மட்டும், தடிமனாக ஒரே ஒரு பொட்டு.

பிறகும் யாராவது கிண்டல் செய்தால் கோர்ட்டுக்குப் போக வேண்டாம். ஓவியர் விஸ்லர் தன் இரவு வாணவேடிக்கைப் படத்தைப் பழித்த விமர்சகர் ரஸ்கின்மீது வழக்குப் போட்டு, 1878-இல் ஜெயித்தார். நஷ்டஈடு: ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி. அடுத்த வருடமே திவாலானார்.