தொட்டதா, தொடவில்லையா? கட்டத்தாள் கார்ப் பந்தயத்தைக் கணினியில் ஏற்றுவது குறித்து ஓர் ஆய்வு

சக்கரத்தைப் பற்றி அறிஞர்கள் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். பென்சில் முனையில் ஓடும் காரைப் பற்றி எழுத ஆளில்லை. அந்தக் குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதன்மைச் சான்று, 1973 ஜனவரி மாத ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழ். மார்ட்டின் கார்ட்னர் தம் கணித விளையாட்டுப் பகுதியில் ‘ரேஸ்டிராக்’ என்று இந்த ஆட்டத்தை அறிமுகப்படுத்தினார். அவர் காதில் போட்டவர் இல்லினாய் பல்கலைக்கழகக் கணினி அறிஞர் யூர்க் நீவர்கெல்ட். அவர் அதைப் பிடித்து வந்தது சுவிட்சர்லாந்திலிருந்து. தாளில் ஆடும் ஆட்டத்தை ஊருக்குச் சொல்லக் காரணமானவரே கணினிக்காரர் என்பதைத் தற்செயல் என்று தள்ளிவிடுவது ஆய்வு நெறிக்கு அழகல்ல.

விதி எளிது. கட்டத்தாளில் வளைந்து நெளிந்த இரண்டு கோடுகள் போட்டால் சாலை தயார். கார் என்பது ஒரு புள்ளி. போன முறை வலப்பக்கம் 4, மேலே 2 நகர்ந்திருந்தால் இந்த முறையும் அதே அளவு போகும். ஒவ்வொரு திசையிலும் ஒன்றைக் கூட்டலாம், குறைக்கலாம், சும்மாவும் விடலாம். மொத்தம் ஒன்பது வாய்ப்புகள். பிரேக் உண்டு, ஆனால் அது நியூட்டனுக்குக் கட்டுப்பட்டது. 7 கட்ட வேகத்தில் பறப்பவர் நிற்க வேண்டுமானால் 6, 5, 4, 3, 2, 1 என்று இறங்கி 21 கட்டங்களை விழுங்கியாக வேண்டும். திருப்பம் பத்தாவது கட்டத்தில் இருந்தால், அவர் முகத்தைப் பார்த்தே மற்றவர்கள் விஷயத்தைப் புரிந்துகொள்வார்கள்.

இதை நிரலாக்குவது கடினம் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். காருக்கு நான்கு எண்கள் போதும்: இடத்துக்கு இரண்டு, வேகத்துக்கு இரண்டு. 30-க்கு 20 புள்ளிகள் கொண்ட தாளில், வேகம் எந்தத் திசையிலும் 5-ஐத் தாண்டாது என்று வைத்துக்கொண்டால், 600 இடங்கள், 121 வேகங்கள். ஆக 72,600 நிலைகள். அத்தனையையும் அலசி மிகக் குறைந்த நகர்த்தல்களில் முடியும் பாதையைக் கண்டுபிடிக்கப் பழைய மடிக்கணினிக்குக்கூட வியர்க்காது. கார் ஓடிவிட்டது. ஓடாமல் நிற்பது சண்டை.

தாளில் இந்த ஆட்டத்தின் உயிரே “கோட்டைத் தொட்டுட்டே!” “எங்கே தொட்டேன்? நல்லா பாரு!” என்ற உரையாடல்தான். காலப்போக்கில் இரண்டு மரபுகள் கிளைத்தன. தொட்டால் அவுட் என்பது வைதிக மரபு. உரசினால் பரவாயில்லை, தாண்டக் கூடாது என்பது சீர்திருத்த மரபு. தோற்றுக்கொண்டிருப்பவர் எப்போதும் வைதிகர்.

கணினி இதை எப்படித் தீர்க்கிறது? கார் (10, 5)-இல் நிற்கிறது, (14, 7)-க்குப் பாய்கிறது. சுவரின் முனை (12, 6)-இல் இருக்கிறது. அந்த முனை பாதைக்கு எந்தப் பக்கம் என்று அறியக் குறுக்கே பெருக்கிக் கழிக்க வேண்டும்: 4×1 கழித்தல் 2×2. விடை நேர்மம் என்றால் ஒரு பக்கம், எதிர்மம் என்றால் மறுபக்கம். இங்கே வந்திருப்பதோ சுழியம். முனை சரியாகக் கோட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ‘குறைவு’ என்று எழுதுவதா, ‘குறைவு அல்லது சமம்’ என்று எழுதுவதா? தாளில் தொண்டை கிழியக் கத்தித் தீர்த்த வழக்கு முழுவதும் ஒரே ஒரு சமக்குறியில் வந்து நிற்கிறது. நிரல் எழுதியவர் நள்ளிரவில் போட்ட குறியே தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது.

சாலையைக் கையால் வரைந்து உள்ளே ஏற்றினால் நிலைமை இன்னும் மோசம். புள்ளிகள் தசமமாகிவிடும். 0.1-உடன் 0.2-ஐக் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று சொல்லும் இயந்திரத்திடம் போய் ‘சரியாகத் தொட்டதா’ என்று கேட்க முடியாது. ஆகவே நிரலாளர்கள் ‘இவ்வளவுக்குள் வித்தியாசம் இருந்தால் தொட்டதாகக் கொள்க’ என்று ஒரு சின்ன எண்ணை வைக்கிறார்கள். அறிவியல் அதற்கு எப்சிலான் என்று பெயர் சூட்டியிருக்கிறது. இவ்வாய்வின் முடிவுப்படி அது மழுங்கிய பென்சில் முனையின் தடிமன்தான், வேறொன்றுமில்லை.

எதிராளியாகக் கணினியை வைப்பதில் இன்னொரு தொல்லை: அது தோற்பதே இல்லை. இயந்திரம் தானே முயன்று தவறிக் கற்கும் ‘வலுவூட்டல் கற்றல்’ பற்றிச் சட்டனும் பார்ட்டோவும் எழுதிய பாடநூலில் இந்த ஆட்டம் ஒரு பயிற்சிக் கணக்காகவே இருக்கிறது. 2018-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில், பத்தில் ஒரு முறை ஓட்டுநர் என்ன செய்தாலும் வேகம் மாறாது என்று விதித்திருக்கிறார்கள். ஆக்சிலரேட்டர் காலை வாரிவிடும் கார்! நடைமுறைக்கு மிக நெருக்கம்.

ஆயினும் அழுகுணி ஆட்டத்துக்குக் கணினியில் வழியில்லை. ஆகவே இவ்வாய்வாளர் திரையின் ஓரத்தில் ‘நான் தொடலை’ என்றொரு பொத்தானைப் பரிந்துரைக்கிறார். மூன்று முறை அமுக்கினால் நிரல் விட்டுக்கொடுக்க வேண்டும். அதே பொத்தானைக் கணினிக்கும் கொடுக்கலாமா என்பதில் ஆய்வுக் குழுவுக்குள் கருத்து வேறுபாடு நிலவுகிறது. கொடுத்தால் அது களைக்காமல் அமுக்கிக்கொண்டே இருக்கும் என்று வைதிகர்கள் அஞ்சுகிறார்கள்.