முழுநிலவு ஜோடி

காலை ஒன்பது மணிக்குக் கியோத்தோ ரயில் நிலையத்தில் நின்றால் இவர்களைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். முன்னால் அவர்: தலையில் தொப்பி, முதுகில் பை, பிளாஸ்டிக் உறைக்குள் நேர அட்டவணை. நாலடி பின்னால் அந்த அம்மாள், அவசரமே இல்லாமல். ஒரே கம்பெனியில் ஆயுளைக் கழித்து ஓய்வுபெற்ற ஜப்பானியர் மனைவியோடு ஊர் சுற்றக் கிளம்பினால் அதைச் சுற்றுலா என்று சொல்ல முடியாது. ஆபீஸ்தான். மேலாளர் அவர். ஊழியர் ஒரே ஒருவர்.

இந்த ஜோடிகளுக்காக ரயில்வேயே தனி பாஸ் போட்டது. 1981-இல் ஜப்பான் தேசிய ரயில்வே வெளியிட்ட அந்த பாஸின் பெயர் 'ஃபுல் மூன்'. தேனிலவு போய்ப் பல காலம் ஆனவர்களுக்கு முழுநிலவு! தம்பதியின் வயதைக் கூட்டினால் 88-க்குக் குறையக் கூடாது என்பது நிபந்தனை. விளம்பரத்தில் அந்தக் கால நட்சத்திரங்கள் கென் உயெஹாராவும் மியெகோ தகமினேயும் வெந்நீர் ஊற்றில் சேர்ந்து குளித்தார்கள். நாடே அதைப் பற்றிப் பேசியது. உயர் வகுப்பு இருக்கை உண்டு. ஆனால் அதிவேக 'நொசோமி' ரயிலில் மட்டும் ஏற முடியாது, 'ஹிகாரி'தான். நம்மவருக்கு அதில் வருத்தமே இல்லை. எந்த ஹிகாரி எந்த ஊரில் நிற்கும் என்று ராத்திரி உட்கார்ந்து ஆராய ஒரு வேலை கிடைத்ததே! 2022-இல் பாஸை நிறுத்திவிட்டார்கள். ஜோடி நிற்கவில்லை.

பிள்ளை பிறந்த பிறகு பல ஜப்பானிய வீடுகளில் கணவன் மனைவி பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வதில்லை. அவர் 'அப்பா', இவர் 'அம்மா'. டோக்கியோவிலிருந்து வரும்போது வலப்பக்க ஜன்னலை அவர் முன்கூட்டியே பிடித்து வைத்திருந்தார்.

"அப்பா, ஃபூஜி தெரியுது."

"இன்னும் நாலு நிமிஷம் இருக்கும்மா. அது வேற மலை."

அது ஃபூஜிதான்.

கோயில்களில் அவர் செய்வது தரிசனம் என்று சொல்லிவிட முடியாது, தணிக்கை. ரியோஆன்ஜி கோயிலின் கல் தோட்டத்தில் மொத்தம் 15 கற்கள். எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் ஒன்றாவது மறைந்துகொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் கண்ணை மூடித் தியானத்தில் இருக்க, இவர் விரலை நீட்டி எண்ணுகிறார். பதினாலு. திண்ணையில் இரண்டடி நகர்ந்து மறுபடி எண்ணுகிறார். பதினாலு. மேலதிகாரி யாராவது இருந்தால் புகார் எழுதியே இருப்பார்.

கியோமிசுதேரா கோயிலில் விரிவுரை. 13 மீட்டர் உயர மர மேடை, இப்போதுள்ள கட்டடம் 1633-இல் எழுந்தது, அந்தக் காலத்தில் வேண்டுதல் பலிக்க இங்கிருந்து குதித்தவர்கள் உண்டு, பெரும்பாலோர் பிழைத்தார்கள், 1872-இல் அரசு தடை போட்டது. மூச்சுவிடாமல் சொல்லி முடித்துத் திரும்பினால், பின்னால் இருப்பவர் ஒரு வெள்ளைக்காரப் பயணி. அம்மாள் எப்போதோ முத்திரை வாங்கும் கவுண்டருக்குப் போயாகிவிட்டது.

அந்த அம்மாளின் ராஜ்ஜியம் அதுதான். 'கோஷுயின்' என்பது கோயிலில் தரும் முத்திரை. மடிப்பு மடிப்பாக விரியும் நோட்டில் சிவப்பு முத்திரையை அழுத்தி, அதன்மேல் கோயிலின் பெயரையும் தேதியையும் தூரிகையால் கறுப்பு மையில் எழுதிக் கொடுப்பார்கள். பெரும்பாலும் 300 யென் அல்லது 500 யென். கைப்பட எழுதிய பௌத்த சூத்திரத்தைக் கோயிலில் சமர்ப்பித்ததற்கான ரசீதாகத் தொடங்கிய வழக்கம் என்கிறார்கள். இறந்த பிறகு சவப்பெட்டியில் கூடவே வைத்து அனுப்பும் பழக்கமும் உண்டு. துறவி தூரிகையை எடுத்துவிட்டால் எதிரே நிற்பவர்கள் பேசக் கூடாது என்பது மரியாதை. நாள் முழுக்கக் கணவர் வாயடைத்து நிற்கும் இடம் அது ஒன்றுதான். அம்மாள் ஒரு கோயிலையும் விடாததன் காரணம் வெறும் பக்தி என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்த ஊர் நாரா. தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தருக்கு 752-இல் கண் திறந்து வைத்தவர் இந்தியாவிலிருந்து வந்த போதிசேனர். உள்ளே ஒரு தூணின் அடியில் துளை இருக்கிறது. புத்தரின் மூக்குத் துவார அளவு, நுழைந்து வெளியே வந்தால் ஞானம் கிடைக்கும் என்பார்கள். குழந்தைகள் சர்ரென்று போய்விடுகிறார்கள். இவர் குனிந்து, தோளை அளந்து, தொப்பையையும் கணக்கில் சேர்த்து, ஞானத்தை ஒத்திப் போடுகிறார்.

வெளியே மான்கள். பிஸ்கட் நீட்டினால் தலை தாழ்த்தும். எதிரே தலை தாழ்ந்தால் பதிலுக்குக் குனியாமல் அவரால் இருக்க முடியுமா? உத்தியோகம் பழக்கியது அப்படி. குனிந்தார். மான் மறுபடி குனிந்தது. அவரும் இன்னும் கொஞ்சம் தாழ்வாக. இந்த உபசாரம் நடந்துகொண்டிருக்கையில் பின்னால் வந்த இன்னொரு மான் அட்டவணையை உருவி, மதியம் இரண்டு மணி வரைக்குமான நிகழ்ச்சிகளைத் தின்றுவிட்டது.

"போச்சா?" அம்மாளின் குரலில் கொஞ்சம் நம்பிக்கை.

"நகல் இருக்கும்மா."

நீங்கள் கியோத்தோ போனால் ஒன்று மட்டும் கவனத்தில் வையுங்கள். முத்திரைக் கவுண்டரைப் பல கோயில்களில் மாலை 4 அல்லது 5 மணிக்கு மூடிவிடுவார்கள். வரிசையில் இந்த ஜோடிக்கு முன்னால் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். அம்மாள் கையில் இரண்டு நோட்டு இருக்கிறது, ஒன்று தங்கைக்கு.