வர்ஜின் ரிவர்ச் சம்பந்தி

ஒவ்வொரு அடுக்ககத்திலும் ஒருவராவது இருக்கிறார். வங்கியிலோ தபால் துறையிலோ ஓய்வு பெற்றவர். மதியச் சாப்பாட்டுக் கடை முடிந்து, பேப்பர்பேக் ஒன்றோடு சாய்ந்தால், நாலு மணி காபி வரை அவர் இருப்பது வட கலிபோர்னியாவில். தொடர்நாவல் அத்தை என்று வைத்துக்கொள்வோம்.

ரமணிசந்திரனைப் படித்து வளர்ந்தவர்தான். அங்கே தம்பதிக்குள் மனஸ்தாபம் தீர்ந்ததும் கதை முடிந்துவிடும். அப்புறம் அவர்கள் என்ன ஆனார்கள் என்று விசாரிக்க வழியில்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்தவர் ராபின் கார். 2007-இல் வர்ஜின் ரிவர் என்றொரு மலையூரைக் கற்பனை செய்து, அதை வைத்தே இருபதுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர்.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வரும் நர்ஸ் மெல்லுக்கும், பார் நடத்தும் முன்னாள் ராணுவ வீரர் ஜாக்குக்கும் முதல் புத்தகத்தில் காதல். அத்தையைக் கேட்டால், ருசியே இரண்டாவதில்தான். பாரின் சமையல்காரர் ப்ரீச்சருக்குப் பெண் அமையும் கதைக்கு நடுவே, மெல்லும் ஜாக்கும் எப்படிக் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டு வரலாமே! இதைக் காதல் நாவல் வாசிப்பு என்றே நான் சொல்லமாட்டேன். உறவுக்காரர் வீட்டு நலம் விசாரிப்பு.

ஜாக்கின் பாருக்குள் புது ஆள் நுழைந்தால், விரலில் மோதிரம் உண்டா என்று முதலில் பார்ப்பது அத்தைதான். பின்னால் கதைக்குள் வரும் ரியோர்டன் வீட்டில் அண்ணன் தம்பிகள் ஐந்து பேர் என்று தெரிந்த அன்று அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்து பெயரையும் எழுதி, எதிரே இடம் விட்டார். லூக்குக்கு ஷெல்பி, ஷானுக்கு ஃபிரான்சி... நடுவில் அவர்களுடைய விதவைத் தாய் மோரீனுக்கே ஒரு ஜார்ஜ் அமைந்துவிட, அதை ஓரத்தில் நுணுக்கி எழுதவேண்டியதாயிற்று. கடைக்குட்டி பேட்ரிக்குக்கு வாய்த்தவள் ஜாக்கின் சகோதரி மகள். "ரெண்டு வீடும் சம்பந்தியாயிடுச்சு!" அன்று வீட்டில் கேசரி. கணவர் காரணம் கேட்கவில்லை, சாப்பிட்டார்.

வரிசை மாற்றிப் படிப்பவர்களைக் கண்டால் அத்தைக்கு ஆகாது. ஒன்பதாவது புத்தகத்தைக் கேட்டு வந்த எதிர்வீட்டுப் பெண்ணுக்கு முதல் புத்தகம்தான் கிடைத்தது. "பந்தியில பாதியில உட்கார்ந்து பாயசம் கேட்டா எப்படி?"

2012-க்குப் பிறகு எட்டு ஆண்டுகள் அந்த ஊரிலிருந்து புது நாவல் வரவில்லை. ராபின் கார் தண்டர் பாயின்ட் என்ற வேறொரு ஊருக்குக் குடிபெயர்ந்திருந்தார். அத்தையும் கூடவே போய்ப் பார்த்தார், மனசு ஒட்டவில்லை. 2019 கடைசியில் நெட்ஃப்ளிக்ஸில் வர்ஜின் ரிவரே தொடராக வந்தும் கோபம்தான் மிச்சம். முதல் புத்தகத்திலேயே உண்டாகிவிட்ட மெல்லுக்கு, திரையில் கல்யாணம் நடக்க ஆறாவது சீசன் ஆகிவிட்டது. "ஒரு முகூர்த்தம் பார்க்க இவ்வளவு நாளா? போதாக்குறைக்குக் கனடாவுல போய் எடுத்திருக்கான். ஊரே வேற!"

"எல்லாம் முடிவு தெரிஞ்ச கதைதானேம்மா?" என்றாள் மகள்.

"தெரிஞ்சதனாலதான் நிம்மதியாப் படிக்கிறேன். முடிவு தெரியாமத் தவிக்கிறதுக்கு உன் ஜாதகம் ஒண்ணு போதாதா?"